புழுதியின் சாட்சியம்: நகப் பாலைவனத்தை ஆக்கியவர் யார்?

அறபு நாடோடிகளைப் ‘பாலைவனத்தின் பிள்ளைகள்’ என்று அழைக்கும் வழக்கம் பழையது. ஐரோப்பிய எழுத்தில் இதற்கு எதிரான இன்னொரு வழக்கும் வளர்ந்தது. பாலைவனம் அவர்களைப் பெறவில்லை, அவர்கள்தான் பாலைவனத்தைப் பெற்றார்கள் என்பது அதன் சாரம். பச்சையாகக் கிடந்த பூமிக்கு இவர்கள் ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு வந்தார்கள், மரத்தை வெட்டினார்கள், மண்ணை அழித்தார்கள், போன இடமெல்லாம் வனாந்தரமாயிற்று என்று அந்தக் கதை போகும்.

பலஸ்தீனின் தெற்கில் உள்ள நகப் பிரதேசத்தைப் பற்றி இந்தக் கதை நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. கடைசியில் அது நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் கதை சொன்னவர்களில் பெரும்பாலோர் அந்தப் பாலைவனத்தின் கல்லைப் புரட்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. 1970களிலிருந்து மண்ணியலாளர்கள் அதைப் பார்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டது பெரும்பாலும் புழுதி. காற்றில் வந்து, மழையில் இறங்கி, ஆயிரம் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சேர்ந்த புழுதி. வரலாற்றை எழுதுகிற நமக்கு அந்தப் புழுதியிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன.

குற்றச்சாட்டு வளர்ந்த விதம்

எட்வர்ட் ஹென்றி பால்மர் என்ற ஆங்கிலேயரின் பெயர் எங்கட வாசகர்களில் சிலருக்குப் பழக்கமாக இருக்கும். 1880இல் வெளிவந்த குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று அவருடையது. கேம்பிரிட்ஜில் அறபுப் பேராசிரியராக இருந்தவர். 1882இல் பிரித்தானிய அரசின் இரகசிய வேலையாக ஸினாய்க்குப் போய் அங்கேயே கொல்லப்பட்டார். அதற்கு முன்னர், 1869–70இல், ஒரு தோழரோடு ஸினாயையும் நகபையும் கால்நடையாகக் கடந்தார். அந்தப் பயண நூல் 1871இல் வெளியாயிற்று. இடிந்த ஊர்கள், வற்றிய கிணறுகள், ஆளில்லாத பள்ளத்தாக்குகள் என்று விவரித்துவிட்டு, இந்தப் பாழுக்குப் பெரும் பங்கு பதவிகளையே சாரும் என்று அவர் எழுதினார்.

அவருக்குப் பிறகு பலர் அதே தடத்தில் நடந்தார்கள். 1920களிலும் 30களிலும் ஸினாயின் ஆங்கிலேய ஆளுநராக இருந்த ஜார்விஸ் அதை இன்னும் சுருக்கி, கேலியும் சேர்த்து, நாடறியச் செய்தார். 1939இல் பலஸ்தீனுக்கு வந்த அமெரிக்க மண்பாதுகாப்பு நிபுணர் வால்டர் லௌடர்மில்க் அதற்கு விஞ்ஞானத்தின் உடையை அணிவித்தார். காலநிலை மாறவில்லை, ஏழாம் நூற்றாண்டில் வந்த அறபு நாடோடிகளே மண்ணரிப்புக்கு வழிவிட்டார்கள் என்ற வாதத்தோடு 1944இல் அவரது பலஸ்தீன் நூல் வெளிவந்தது. 1955இல் ரைஃபன்பர்க் என்ற மண்ணியலாளர் பாலைக்கும் விளைநிலத்துக்கும் நடந்த போராட்டம் என்ற தலைப்பில் இதையே விரித்து எழுதினார்.

பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவில் சொன்னதும் ஏறக்குறைய இதே கதைதான். வடஆபிரிக்கா ரோமின் களஞ்சியமாக இருந்ததாம், பதினோராம் நூற்றாண்டில் பனூ ஹிலால் வந்து அழித்ததாம். அதற்குச் சாட்சியாக இப்னு கல்தூனையே இழுத்தார்கள். அவர் எழுதியதிலிருந்து தமக்குத் தேவையான பகுதியை மாத்திரம் எடுத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாகப் பரப்பினார்கள். வரலாற்றுப் புவியியலாளர் டயானா டேவிஸ் 2007இல் வெளியிட்ட நூலில் இந்தக் கதை எப்படி நிலப் பறிப்புக்குத் துணைபோனது என்று ஆவணங்களோடு காட்டியிருக்கிறார்.

வண்டல் விசிறியும் வந்து சேர்ந்த புழுதியும்

நகபின் தெற்குப் பகுதியிலும், சாக்கடலிலிருந்து அகபா வரை ஓடும் அறபாப் பள்ளத்தாக்கிலும் மழை மிகக் குறைவு. சாக்கடல் கரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மில்லிமீற்றர், அகபாக் கரையில் அதிலும் பாதியளவு. ஆனால் பெய்கிறபோது கொட்டித் தீர்க்கும். மலையிலிருந்து வாதி வழியாகப் பாய்ந்து வரும் வெள்ளம் கல்லையும் பருக்கை மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். மலைவாயைத் தாண்டிச் சமவெளிக்கு வந்ததும் வேகம் தணிந்து, கொண்டுவந்ததை விரித்துப் போடும். மேலிருந்து பார்த்தால் விரித்த விசிறி போல இருக்கும். இதைத்தான் புவியியல் பாடப் புத்தகங்களில் வண்டல் விசிறி என்று படிக்கிறோம்.

வெள்ளம் காலப்போக்கில் வேறு பக்கம் திரும்பிவிடும். கைவிடப்பட்ட விசிறிப் பகுதி அப்படியே வெயிலில் கிடக்கும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வருவது தண்ணீரை விடக் காற்றுத்தான். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் ஸஹாராவிலிருந்தும் ஸினாயிலிருந்தும் எழும் புழுதிப் புயல்கள் பலஸ்தீனைக் கடக்கின்றன. புதிதாகக் கிடக்கும் கற்களின் சொரசொரப்பில் அந்தப் புழுதி சிக்குகிறது. எப்போதாவது பெய்யும் தூறல் அதைக் கல்லிடுக்கில் இறக்குகிறது.

ஷாஃபிஈ மத்ஹபில் தயம்மும் செய்வதற்குப் புழுதியுள்ள மண் வேண்டும், வெறும் கல் போதாது என்று சிறு வயதிலேயே நாம் ஓதிப் படித்தது. பாலைவனத்தின் இந்தக் கல்தரையைப் பார்ப்பவருக்கு அங்கே புழுதியே இல்லை என்றுதான் தோன்றும். நெருக்கமாகப் பதித்த கல் தளம், கறுத்துப் பளபளக்கும் மேற்பரப்பு. அறபியில் இதற்கு ‘ரெக்’ என்று பெயர். ஆனால் ஒரு கல்லைத் தூக்கினால் அடியில் மெல்லிய, வெளிறிய, கல்லே கலவாத மாவு போன்ற மண் இருக்கும். அதை உடைத்துப் பார்த்தால் பாண் துண்டின் உட்பக்கம் போலச் சின்னச் சின்னத் துளைகள். நனைந்து காயும்போது அடைபட்ட காற்று ஏற்படுத்திய குமிழ்கள் அவை.

இந்தக் கல் தளம் எப்படி உண்டானது? காற்று நுண்மண்ணை ஊதிக்கொண்டு போக, கல் மாத்திரம் மிஞ்சியது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். அப்படியெண்டா கல்லுக்குக் கீழே கல்லில்லாத மண் எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் சீமா எரிமலைப் பகுதியை ஆராய்ந்த மக்ஃபாடன், வெல்ஸ் முதலானோர் 1987இல் மறுதலையான விடையைச் சொன்னார்கள். புழுதி கல்லிடுக்கால் இறங்கி அடியில் சேர்கிறது. நனைந்து விரிந்தும் காய்ந்து சுருங்கியும் அது கல்லை மேலே தாங்கியபடியே தடிக்கிறது. கல் ஒருபோதும் புதையவில்லை, தொடக்கம் முதல் மேற்பரப்பிலேயே இருந்தது. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் கல்லில் விட்டுச்செல்லும் ஹீலியத்தை அளந்து 1995இல் இதைச் சோதித்தபோது, மேற்பரப்புக் கற்களும் பக்கத்து எரிமலைப் பாறையும் ஒரே அளவு காலம் வானத்தைப் பார்த்துக் கிடந்தவை என்று தெரிந்தது. ஆக, ரெக் நிலம் எதையோ இழந்த நிலம் அன்று. காற்றிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்த நிலம்.

பலஸ்தீனில் இந்தக் கருத்துக்கு வழி திறந்தவர் ஜெருசலேமில் பணியாற்றிய மண்ணியலாளர் டான் யாலோன். சக ஆய்வாளர் கானோருடன் சேர்ந்து, காற்றில் வரும் புழுதி மண்ணை உருவாக்குவதில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று 1973இல் எழுதினார். 1980களில் ரான் கெர்சனும் ரிவ்கா அமிட்டும் சாக்கடல் பகுதியின் விசிறிகளை வயது வாரியாக வரிசைப்படுத்தித் தோண்டினார்கள். இளைய விசிறியில் புழுதிப்படை மெலிவு, கல் முழுசாகக் கிடக்கிறது. மூத்த விசிறியில் புழுதி தடித்திருக்கிறது, உப்பு கல்லின் வெடிப்புகளுக்குள் படிகமாகி அதைப் பிளந்து நொறுக்கியிருக்கிறது, மேற்பரப்பு சமதளமாகியிருக்கிறது. மண்ணைப் பார்த்தே விசிறியின் மூப்பை மதிக்கலாம் என்ற நிலை வந்தது.

உப்பின் கணக்கு

புழுதி தனியாக வருவதில்லை. சுண்ணாம்பும் ஜிப்சமும் கறியுப்பும் அதனோடும் மழைத்துளியோடும் சேர்ந்து வருகின்றன. இந்த மூன்றும் தண்ணீரில் கரையும் அளவு வேறு வேறு. கறியுப்பு மிக எளிதாகக் கரையும், ஜிப்சம் அதற்கடுத்தது, சுண்ணாம்பு கடைசி. நல்ல மழையுள்ள நாட்டில் முதல் இரண்டும் மண்ணில் தங்காது, ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். மழை குறையக் குறைய ஜிப்சம் தங்கும். மழை அறவே அருகிய இடத்தில்தான் உப்பும் மேற்பரப்புக்குக் கிட்டத் தங்கும்.

ஆகவே ஒரு மண்ணில் ஜிப்சமும் உப்பும் தடிப்பாகத் திரண்டிருந்தால், அது திரண்ட காலம் முழுவதும் அதைக் கழுவிச் செல்லுமளவு மழை அங்கே பெய்யவில்லை என்று பொருள். இந்தச் சாட்சியைக் கலைப்பது கடினம். சில நூற்றாண்டுகள் நன்றாக மழை பெய்திருந்தாலே உப்புக் கரைந்து கீழே போயிருக்கும்.

தெற்கு நகபின் பாரான் சமவெளியில் உள்ள பழைய வண்டல் மேடைகளில் இப்படித்தான் ஜிப்சமும் உப்பும் திரண்டு கிடக்கின்றன. ரிவ்கா அமிட்டும் சகாக்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பகுதி புவியியலாளர் குவாட்டர்னரி என்று அழைக்கும் காலம் முழுவதும் கடும் வறட்சியிலேயே இருந்தது என்று முடிவு செய்தது. மத்தியதரைக் கடலின் மழைமேகம் அங்கே எட்டாததற்கு நில எழுச்சியையே அவர்கள் காரணமாகக் காட்டினார்கள். 2009இல் மாட்மன் முதலானோர் அந்தக் கல் தளங்களில் சிலவற்றை விண்கதிர் முறையில் அளந்தபோது கிடைத்த வயது 15 முதல் 18 இலட்சம் ஆண்டுகள். உலகிலேயே மிக நீண்ட காலம் மாறாமல் கிடக்கும் நிலப்பரப்புகளில் அவையும் அடங்கும்.

ஹிஜ்ரி ஆண்டு தொடங்கி இன்னும் பதினைந்து நூற்றாண்டுகள் கூட ஆகவில்லை. பதினைந்து இலட்சம் ஆண்டுப் பாலைவனத்துக்கு அவ்வளவு பிந்தி வந்த ஆட்டு மந்தையைக் குற்றவாளியாக்க முடியுமா?

மேட்டுநிலத்து உழவர்கள்

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தெற்கு நகப் எப்போதும் பாலைவனம்தான், ஒத்துக்கொள்கிறோம். பால்மர் பார்த்த இடிந்த ஊர்கள் நடு நகபின் மேட்டுநிலத்தில் அல்லவா இருந்தன? அங்கே பைஸாந்தியர் காலத்தில் கோதுமையும் திராட்சையும் விளைந்ததே, அதை அழித்தது யார்?

மேட்டுநிலத்தின் மழை ஆண்டுக்கு 100 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. அங்கே விவசாயம் நடந்ததற்குக் காரணமும் புழுதியே. ‘லோயஸ்’ என்று சொல்லப்படும் காற்றுப் படிவு மண் வடக்கே பீர் ஸபாவைச் சுற்றிப் பல மீற்றர் தடிப்பிலும், மேட்டுநிலப் பள்ளத்தாக்குகளில் திட்டுத் திட்டாகவும் இருக்கிறது. அதன் நுண்ணிய பகுதி ஸஹாராவிலிருந்து வந்தது. சற்றுப் பருத்த பகுதிக்கு ஸினாய்–நகப் மணல்மேடுகளே மூலம் என்று க்ரூவியும் சகாக்களும் 2008இல் காட்டினார்கள். மழைத்துளி விழுந்தவுடன் இந்த மண்ணின் மேல் மெல்லிய ஓடு கட்டிவிடும். தண்ணீர் உள்ளே போகாமல் சரிவில் வழிந்தோடும். பள்ளத்தாக்கில் குறுக்கே கல்லணை கட்டினால் அந்த நீரும் அது கொண்டுவரும் மண்ணும் தேங்கும். ஒரு பங்கு வயலுக்கு இருபது, முப்பது பங்கு சரிவு நிலம் தண்ணீர் கொடுக்கும். 1950களின் கடைசியில் மைக்கேல் எவனாரி என்ற தாவரவியலாளர் அப்தாவிலும் ஸுபைதாவிலும் பழைய பண்ணைகளைத் திருத்திப் பயிரிட்டு, முறை இன்றைக்கும் பலிக்கும் என்று செய்து காட்டினார்.

சரிவுகளில் வரிசையாகக் குவித்த கற்குவியல்கள் இன்றும் உண்டு. பதவிகள் அவற்றைத் துலைலாத்துல் இனப், அதாவது திராட்சைக் குன்றுகள் என்று அழைத்ததைப் பால்மரே பதிவு செய்திருக்கிறார். கல்லைப் பொறுக்கினால் லோயஸ் வெளியே தெரியும், ஓடு கட்டும், நீர் கூடுதலாக வழியும் என்பது எவனாரியின் விளக்கம்.

இந்த வயல்களை அறபு ஆட்சி அழித்ததா? அவ்ஜா அல் ஹஃபீர் என்ற ஊரில், பழைய பெயர் நெஸ்ஸானா, 1935–37இல் நடந்த அகழ்வில் பப்பிரஸ் ஏடுகள் கிடைத்தன. அவற்றில் திகதி உள்ளவை 512 முதல் 689 வரையானவை. அறபிலும் கிரேக்கத்திலும் எழுதப்பட்ட அரச கட்டளைகள் அவற்றில் இருக்கின்றன. 674–677 காலத்தவை, ஹிஜ்ரி 54–57, முஆவியாவின் கிலாபத். காஸாவிலிருந்த நிருவாகம் இந்த ஊராரிடம் கோதுமையும் எண்ணெயும் கேட்டு அனுப்பியவை அவை. விளைச்சல் இல்லாத ஊரிடம் எந்த அரசும் கோதுமை கேட்காது. அதே தொகுப்பில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த விளைச்சல் கணக்கு ஒன்றும் உண்டு. விதைத்ததைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு கோதுமை, எட்டு மடங்கு பார்லி அறுத்திருக்கிறார்கள்.

ஸுபைதாவில் தேவாலயத்தோடு ஒட்டினாற்போல் ஒரு பள்ளிவாசலின் அடித்தளமும் மிஹ்ராபும் இருக்கின்றன. கட்டியவர்கள் தேவாலயத்தின் ஞானஸ்நான அறைக்குச் சேதம் வராமல் கட்டியிருக்கிறார்கள். மேட்டுநிலத்தில் ஏழாம் எட்டாம் நூற்றாண்டுச் சிற்றூர்களும் திறந்தவெளிப் பள்ளிவாசல்களும் பாறையில் பொறித்த அறபு துஆக்களும் கண்டறியப்பட்டுள்ளன. வயல் மண் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று அளக்கும் முறையால் அணைகளின் பின்னே தேங்கிய மண்ணைச் சோதித்தவர்கள், இஸ்லாமிய ஆட்சி வந்து நீண்ட காலம் கழிந்தும் வயல்கள் பராமரிக்கப்பட்டன என்று 2013இல் எழுதினார்கள். கிடியோன் அவ்னியின் 2014ஆம் ஆண்டு நூல் பலஸ்தீன் முழுவதிலும் இந்தத் தொடர்ச்சியை விரிவாகப் பேசுகிறது.

அப்படியானால் நகபின் நகரங்கள் எப்போது தளர்ந்தன? அல் கலஸாவின் குப்பைமேடுகளை ஆராய்ந்தவர்கள் 2019இல் சொன்ன விடை, ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. நகரக் குப்பையை ஒழுங்காக ஊருக்கு வெளியே கொட்டும் வழக்கம் அப்போதே நின்றுவிட்டது. முஸ்லிம் படைகள் வருவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்னர், அதாவது ஜஸ்டினியன் காலத்துக் கொள்ளைநோய் பரவிய காலம். 536க்குப் பின் வந்த குளிரும், மேற்கே திராட்சை மதுவின் சந்தை சுருங்கியதும் காரணமாகப் பேசப்படுகின்றன. மேட்டுநிலத்து லோயஸின் கதையும் இதற்கு ஒத்துவருகிறது. அந்தப் புழுதி பெரும்பாலும் படிந்தது பனிக்காலத்தில். ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே படிவதை விட அரிப்பே மிகுந்திருக்கிறது. அரிப்பைத் தடுத்து நிறுத்தியவர்கள் அணை கட்டிய உழவர்கள். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள்.

பயண நூல் தீர்ப்பான கதை

இது வெறும் பண்டிதர் விவாதமாக இருந்திருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை. 1948இலும் அதை அடுத்த ஆண்டுகளிலும் நகபின் பதவிகளில் பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ 11,000 பேரே எஞ்சினார்கள். 1950இல் கறுப்பு ஆடுகளின் மேய்ச்சலைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது. ஆடு மண்ணை அழிக்கிறது என்ற பழைய கதையே அதன் பின்னணி.

நிலத்தின் கதை இன்னும் கடுமை. இறந்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கு அதில் உரிமை உண்டு என்ற ஃபிக்ஹுக் கருத்தை நாம் அறிவோம். 1858ஆம் ஆண்டின் உஸ்மானிய நிலச் சட்டத்திலும் அந்தக் கருத்துக்கு இடமிருந்தது. 1921இல் பிரித்தானியர் பிறப்பித்த மவாத் கட்டளைச் சட்டம் அனுமதியில்லாமல் பயிரிட்டவரை அத்துமீறியவராக்கியது. 1984இல் அல்ஹவாஷ்லா வழக்கைத் தீர்த்த இஸ்ரேலிய உச்ச நீதிமன்றம், நகப் நிலம் இறந்த நிலமாகவே கிடந்தது என்பதற்குப் பால்மரின் பயண நூலை ஆதாரமாக எடுத்தது. கேம்பிரிட்ஜ்காரர் ஒருவர் கடந்து போகும்போது எழுதியது, தலைமுறையாக உழுதவரின் உரிமையை விடக் கனதியாகப் போயிற்று. 2015இல் அல் அராகிப் நிலம் தொடர்பான அல் உக்பி வழக்கிலும் அதே வழித்தடம்தான்.

பால்மர் நடந்து சில பத்தாண்டுகளுக்குள் காஸாத் துறையிலிருந்து பிரித்தானிய மதுவடிசாலைகளுக்குப் பார்லி கப்பல் கப்பலாகப் போனது. அந்தப் பார்லியில் பெரும் பங்கு பீர் ஸபாவைச் சுற்றிய லோயஸ் மண்ணில் பதவிகள் விதைத்து அறுத்தது. இறந்த நிலம் பார்லி கொடுக்குமா?

சாட்சியின் எல்லை

புழுதியை அதன் அளவுக்கு மீறிப் பேச வைக்கவும் கூடாது. மேய்ச்சல் மிகுந்தால் மண்ணுக்குக் கேடு வரும் என்பது உண்மை, அது எந்த நாட்டிலும் யார் மேய்த்தாலும் நடக்கும். மேட்டுநிலம் ஏன் பிற்காலத்தில் கைவிடப்பட்டது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்வதும் சரியாகாது. யாருக்கு எந்த நிலம் சொந்தம் என்பதையும் ஜிப்சப் படையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்கு உறுதியும் வரிச்சிட்டும் வாய்மொழிச் சாட்சியும் வேண்டும்.

புழுதி சொல்வது இரண்டு விடயங்கள். தெற்கில் உள்ள பாலைவனத்தை மனிதர் யாரும் உண்டாக்கவில்லை. மேட்டுநிலத்தில் காற்று கொண்டுவந்த மண்ணை அணை கட்டிப் பிடித்து உழுதவர்களின் வரிசை ஏழாம் நூற்றாண்டில் அறுந்துபோகவில்லை. இந்த இரண்டையும் சொன்னவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலியப் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் வேலை செய்த ஆய்வாளர்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களின் கட்டுரைகள் மண்ணியல், தொல்லியல் சஞ்சிகைகளில் கிடக்கின்றன. நிலவுரிமை பற்றி எழுதுகிறவர்களும் வரலாற்று மாணவர்களும் அவற்றைத் தேடி வாசிக்க வேண்டும். பால்மரைத் திருப்பித் திருப்பி மேற்கோள் காட்டும் இடத்தில் இந்த ஆய்வுகளையும் வைக்கிற வேலை இன்னும் மிச்சமிருக்கிறது. அறபும் ஆங்கிலமும் அறிந்த எங்கட இளம் ஆய்வாளர்கள் யாராவது நெஸ்ஸானா ஏடுகளைத் தமிழில் அறிமுகப்படுத்த முன்வந்தால், அது நல்ல தொடக்கமாக இருக்கும்.